அந்தப் பொண்ணு இன்னா ஆனா?

என்னோடு முன்பு வேலை பார்த்த முத்துச்செல்வி கொடுத்துவிட்டுப் போன நாவலை இன்று மதியம் படித்து முடித்தேன். பாப்பா தூங்குகிற நேரத்தில் மட்டும் படித்ததால் இத்தனை நாள் இழுத்துவிட்டது. அட்டையில் ஒரு பெண்ணின் கை, கையில் கத்தி, கத்தியின் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். பத்து மாதக் குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு அப்படியொரு படத்தைப் பிடித்திருப்பது என்னவோ போலிருந்தது. பழைய காலண்டர் தாளை எடுத்து அதற்கு அட்டை போட்டேன். போட்ட பிறகு, படத்தை மறைத்துவிட்டு உள்ளே இருக்கும் கொலைகளை மட்டும் படிக்கலாமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்கு எதையும் ஒரு மனதாகச் செய்ய வராது.

நாவலைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். சட்டம் தப்பவிட்ட ஆண்களை ஒருத்தி தேடித் தேடிக் கொல்கிறாள். முதல் அத்தியாயத்தில் ஒரு கல்லூரிப் பெண் வருகிறாள். மொட்டை மாடியில் துணி காயும் கொடிக்குக் கீழே உட்கார்ந்து, தனக்கு நடந்ததைச் சொல்ல வாயெடுத்துவிட்டுச் சொல்லாமல் நிறுத்துகிறாள். அந்த இடத்தைப் படித்தபோது, பாப்பா விழித்துவிடக் கூடாதே என்று மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன். அவளுக்காகத்தான் நாயகி முதல் கத்தியை எடுக்கிறாள். அதற்கப்புறம் கத்திதான் கதை. மாடியில் உட்கார்ந்திருந்தவளைக் காணோம்.

"நான் பாதியிலயே நிறுத்திட்டேன்க்கா." பாப்பாவைப் பார்க்க வந்தபோது புத்தகத்தைக் கையில் கொடுத்து முத்துச்செல்வி சொன்னாள். "அந்த மாடியில இருந்த பிள்ள திரும்பி வருதாளான்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க. வந்தான்னா மீதிய நான் படிக்கேன்."

அவள் ஏன் அதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியை எங்களுக்குப் பழக்கியது, கம்பெனி பஸ்ஸில் எங்களோடு வந்த ஓர் அக்கா.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரகடத்தில், கார்களுக்குள்ளே ஓடும் வயர்க் கட்டுகளைச் செய்கிற தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். பஸ் காஞ்சிபுரத்தில் கிளம்பி வாலாஜாபாத் வழியாகப் போகும். கம்பெனி பஸ்ஸில் யாருக்கும் வீடு கிடையாது, ஸ்டாப்தான் உண்டு. வருடக்கணக்காகத் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து வருகிறவளின் வீடு எந்தத் தெரு என்று கேட்டால் தெரியாது. பெயர்கூடச் சில சமயம் தெரியாது. 'ரயில்வே கேட் பொண்ணு', 'பெட்ரோல் பங்க் அக்கா' என்றுதான் பேச்சு. இந்த அக்கா 'வாலாஜாபாத் அக்கா'. வாலாஜாபாத்தில் இருபது பேர் ஏறினாலும் அந்தப் பட்டம் அவருக்கு மட்டும்தான்.

நாற்பதை ஒட்டிய வயது. குள்ளம். பஸ் படியில் ஏறும்போது கைப்பிடியை எட்டிப் பிடித்து, டிரைவரைப் பார்த்து, "இன்னா, ராத்திரி தூங்கினியா? எங்க உயிரு உன் கண்ணுலதான் கீது" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். நாளெல்லாம் வயர்க் கட்டுக்கு டேப் சுற்றிச் சுற்றி இரண்டு கட்டைவிரல்களும் வெடித்திருக்கும்; அந்த வெடிப்பின் மேலும் அதே டேப்பைச் சுற்றியிருப்பார். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எப்போதும் முகத்தைக் கவிழ்த்தபடி இருக்கும். "போட்டோவுல பொணம் மாதிரி கீறேன், எதுக்கு எல்லாரையும் பயமுறுத்தணும்?" என்பார். ஜன்னலோர சீட்டு அவருடையது. அதிகாலை ஷிப்டுக்குப் போகும்போது பஸ்ஸே தூங்கும். அவர் மட்டும் செல்போன் வெளிச்சத்தில் நாவல் படித்துக்கொண்டு வருவார். எல்லாம் கொலை நாவல். அதிலும் கொலை செய்வது பெண்ணாக இருந்தால்தான் வாங்குவார்.

கம்பெனி கேட்டுக்குள் புத்தகம் எடுத்துப் போகக் கூடாது. அதனால் நாவலை டிரைவர் அண்ணனிடம் கொடுத்துவிட்டு இறங்குவார். அண்ணனுக்கு மதியம்வரை வேலையில்லை. வேப்பமரத்தடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, அக்கா விட்ட பக்கத்திலிருந்து ஆரம்பித்து முழுவதையும் படித்துவிடுவார். திரும்பி வந்து ஏறும்போது வம்பு தொடங்கும்.

"அக்கா, கொலைகாரி யாருன்னு சொல்லட்டா?"

"சொல்லிப் பாரு. நாளைக்கு நீதான் பொணம்."

அது வெறும் மிரட்டல் இல்லை. அக்காவின் வழக்கமே அதுதான். மதியம் திரும்புகிற வழியில் காலையில் படித்ததை பஸ்ஸுக்கே கேட்கும்படி சொல்வார். கொலையாகிறவனுக்கு மட்டும் புத்தகத்தில் உள்ள பெயர் இருக்காது. அந்த வாரம் பெண்களை யார் படுத்தினார்களோ அவர்கள்தான் சாவார்கள்.

"இன்னைக்கு யாருக்கா?" என்று கடைசி சீட்டிலிருந்து குரல் வரும்.

"நீங்களே சொல்லுங்க."

"கேண்டீன்காரன்! மூணு நாளா அதே சாம்பார்!"

"வேணாம்டீ. போன வாரந்தான் கொன்னோம். பாவம், பொண்டாட்டி புள்ள கீது."

"அப்ப டைம் ஆபீஸ்காரன். பஸ்ஸு லேட்டா வந்ததுக்கு எங்களுக்கு அரை நாள் லீவு போட்டுட்டான்."

"சரி, அவன எடுத்துக்கலாம். அவனுக்கு இன்னா வேணும், கத்தியா, வெசமா?"

ஆனால் கொலையில் அவருக்குப் பெரிய அக்கறை இருந்ததில்லை. மற்றவர்கள் வழியெல்லாம் காத்திருக்கும் அந்தக் காட்சியை, "போனா. குத்தினா. செத்தான். வுடு" என்று நான்கே வார்த்தையில் தள்ளிவிடுவார். அவர் நீட்டி முழக்குவது மற்ற விஷயங்களைத்தான். கொலைக்குப் போன அன்று இவள் எந்த ஷிப்ட்? லீவு சொன்னாளா, சொல்லாமல் போனாளா? ரத்தம் பட்ட சுடிதாரை எங்கே ஊறவைத்தாள்? "கொயந்தைய யாருகிட்ட வுட்டுட்டுப் போனா, அத்தச் சொல்லு மொதல்ல. கொலை பண்றது ஒண்ணும் பெரிசில்ல. கொயந்தைய வெச்சிக்க ஆளு கெடைக்கறதுதான் பெரிசு." அன்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். இந்த நாவலில் நாயகிக்கு இரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவள் ஊர் ஊராகப் போய்க் கொல்கிற நாட்களில் அவன் யாரிடம் இருக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த இடங்களிலெல்லாம் என்னால் கதையில் நிற்க முடியவில்லை. அந்தப் பையன் சாப்பிட்டானா என்றே தேடிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சொல்லி முடித்தபின் அக்கா கடைசியாக அந்தக் கேள்வியைக் கேட்பார். "சரி. எந்தப் பொண்ணுக்காக இவ்ளோ பண்ணாளோ, அந்தப் பொண்ணு இன்னா ஆனா?" அதற்குப் பதிலும் அவரே சொல்வார். சில நாள் வாலாஜாபாத் ஸ்டாப் வந்த பிறகும் அது முடியாது; டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, அக்கா முடிக்கும்வரை காத்திருப்பார்.

ஒருநாள் கம்பெனி கேட்டில் பஸ்ஸுக்குள் டிரைவர் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். மடியில் அக்காவின் புத்தகம். கதை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"மேடம், இந்த புக்குல அந்தப் பொண்ணு ரெண்டாவது பக்கத்துலயே செத்துப்போச்சு. நம்ம அக்கா என்னாடான்னா அத்த டெய்லரிங் கிளாஸுக்கு அனுப்பி, ஸ்கூட்டி வாங்கிக் குடுத்து, படப்பைல கடையே வெச்சுக் குடுத்துட்டாங்க."

அன்று பக்கத்தில் உட்கார்ந்ததும் அக்காவிடம் கேட்டேன். "ஏன்க்கா கதைய மாத்திச் சொல்றீங்க?"

"நான் எங்கம்மா மாத்தினேன்? அவன் எழுதாம வுட்டத நான் சொல்றேன். எல்லாப் பசங்களும் இப்டித்தான் ஏமாத்தறானுங்க. கொலை முடிஞ்சதும் புக்கை மூடிடறான்." டேப் சுற்றிய விரலால் புத்தகத்தைத் தட்டினார். "அடுத்தது நல்லாருக்கும், பாரு." அடுத்ததும் ஏமாற்றும். அதையும் வாங்குவார்.

அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். 'என்ன ஆச்சு' என்று கேட்பதில் அவருக்கு இடம், நேரம் கிடையாது. யாராவது முகம் வாடி ஏறினால், "ஏய், இன்னா ஆச்சு? வூட்டுல அடிச்சானா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்பார். அதற்காகவே பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டவர்கள் உண்டு. எனக்கும் ஒருமுறை நடந்தது. நான் சரிபார்த்து அனுப்பிய கட்டு ஒன்று பழுதென்று திரும்பி வந்து, மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டியிருந்தார். அன்று பஸ்ஸில் அக்கா கேட்டதற்கு நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மதியம் கதையில் என் மேனேஜர் செத்தார். பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. அவமானமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. எது அதிகம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

முத்துச்செல்வி அந்த வருடம் வந்து சேர்ந்தவள். தென்காசிப் பக்கம். வாலாஜாபாத்தில் நான்கைந்து பெண்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மூன்று பேர் சீட்டில் அக்கா ஜன்னலோரம், நடுவில் அவள், இந்தப் பக்கம் நான். முதல் மாதம் முழுக்க அக்கா அவள் பேச்சைப் பேசிக் காட்டிக் கேலி செய்தார். அவள் அக்கா பேச்சைப் பேசிக் காட்டினாள். "இன்னாக்கா, வூட்டுல எல்லாரும் நல்லா கீறாங்களா?" என்று அவள் இழுத்துச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. அவள் வேலை செய்த உற்பத்தி லைனுக்கு ஒரு லீடர் இருந்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. கண்ணாடிக் கதவு கண்ட இடமெல்லாம் நின்று தலை வாருவான். பெண்கள் அவனுக்குச் 'சீப்பு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். டேப் சரியாகச் சுற்றியிருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் கையைப் பிடிப்பான், முதுகில் சாய்வான். காண்ட்ராக்ட் முடிகிறவர்களில் யாரை மறுபடி எடுப்பது என்பது தன் வாயில்தான் இருக்கிறது என்பான். ஒரு மதியம் முத்துச்செல்வி, மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டே, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில் இதைச் சொன்னாள்.

அக்கா உடனே, "நாளைக்கு ஆபீஸுக்குப் போலாம் வா. நான் கூட வரேன்" என்றார்.

"வேண்டாம்க்கா. ஆபீஸ்ல சொன்னா ஊருக்குப் போன் போடுவாக. எங்க அப்பா மறுநாளே பெட்டியத் தூக்க வந்துருவாக. அண்ணன் இதுக்குன்னேதான் காத்துக் கெடக்கான். எவனுக்காவது கெட்டிக் குடுத்துருவாக." பையிலிருந்து கண்ணை எடுத்து எங்களைப் பார்த்தாள். "நான் ஊருக்குப் போக மாட்டேன்க்கா. என்ன ஆனாலும் போக மாட்டேன். யாருட்டயும் சொல்லிராதீக. சத்தியம் பண்ணுங்க."

இருவரும் சத்தியம் செய்தோம். அக்கா அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வாலாஜாபாத் வரும்வரை விடவில்லை.

சில நாள் அக்கா கதையே சொல்லவில்லை. புத்தகத்தையும் பிரிக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மதியம், கேட்டைத் தாண்டியதும், அவராகவே எழுந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு யாருக்கா?"

"சீப்பு."

பஸ் அதிர்ந்தது. அவனிடம் பட்டவர்கள் அங்கே ஒன்றிரண்டு பேர் இல்லை போலிருக்கிறது. விசில் அடித்தார்கள், சீட்டைத் தட்டினார்கள். அன்றைக்கு அக்கா நான்கு வார்த்தையில் முடிக்கவில்லை. அவன் தலை வாருகிற கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கதையை ஆரம்பித்தார். கொலைகாரி அவனை ஓடவிட்டாள், ஒளியவிட்டாள், கெஞ்சவிட்டாள். அந்தச் சீப்பையே அவன் கையில் கொடுத்து, "வாரிக்கோ, அழகா சாவணும் இல்ல" என்றாள். வாரணவாசி ஸ்டாப்பைத் தாண்டியும் அவன் சாகவில்லை. பின்னால் யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் பிடிப்பதுபோல எல்லோரும் எதற்கும் செல்போனைத் தூக்கிக்கொண்டிருந்த நாட்கள்தான்.

என் பக்கத்தில் முத்துச்செல்வி முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். ஸ்டாப் வந்ததும் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

கதையை அக்கா கொலையோடு முடித்துவிட்டார் என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. 'அந்தப் பொண்ணு இன்னா ஆனா' என்று அன்று கேட்கவில்லை. நான் கேட்டவரையில் அந்தக் கேள்வி இல்லாமல் அவர் முடித்த ஒரே கதை அது. கேட்டிருந்தால் எல்லோரும் 'எந்தப் பொண்ணு' என்று திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

முத்துச்செல்வி அப்படி நினைக்கவில்லை. திங்கட்கிழமை கேண்டீனில் தட்டைப் பிடித்துக்கொண்டு என் எதிரே நின்றாள். "என் கதைய வச்சு பஸ்ஸே சிரிச்சுட்டுல்லாக்கா" என்றாள். அவள் பெயர் எங்கேயும் வரவில்லையே என்றேன். "வரலைன்னா? எனக்குத் தெரியும்லா" என்றாள்.

அதே திங்கட்கிழமை அக்காவை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் பிடித்த வீடியோ ஒரு கையிலிருந்து ஒரு கையாகப் போய், கடைசியில் லைன் லீடருடைய செல்போனுக்கே வந்துவிட்டது. தன்னைக் கொல்லப்போவதாக ஒரு காண்ட்ராக்ட் பெண் மிரட்டுகிறாள் என்று அவன் புகார் கொடுத்திருந்தான். பெண் தொழிலாளியை விசாரிக்கும்போது பெண் ஊழியர் ஒருவர் உடன் இருக்கவேண்டும் என்பது விதி. என்னைக் கூப்பிட்டார்கள்.

அறைக்கு வெளியே அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ வாயத் தொறக்காத. நீயும் சத்தியம் பண்ணிக்கீற."

"அக்கா, காரணத்தச் சொல்லிட்டா உங்கள ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. அவன்தான் மாட்டுவான்."

"காரணத்தச் சொன்னா அந்தப் பொண்ணு நாளைக்கு தென்காசி ரயில்ல கீறா. எனக்கு ஒரகடத்துல ஆயிரம் கம்பெனி கீது. அவளுக்கு இன்னா கீது?"

உள்ளே லைன் லீடரும் உட்கார்ந்திருந்தான். மனிதவள அதிகாரி செல்போனில் வீடியோவை ஓடவிட்டார். பஸ் சிரிக்கிற சத்தம் அந்தக் குளிரூட்டிய அறையில் மிகவும் சின்னதாகக் கேட்டது. அக்காவின் பெயரைச் சொல்லி, "இது நீங்கதானே?" என்றார். அவருடைய பெயரை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். வேறு யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது. அதை இங்கே எழுத மனம் வரவில்லை. நாங்கள் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நான்தான் சார்."

"யாரும்மா இந்தச் சீப்பு?"

"தலை வாருற சீப்பு சார்."

"விளையாடாதீங்க. யாரச் சொல்றீங்க?"

லைன் லீடர்தான் நாற்காலியில் நெளிந்து, "அது நான்தான் சார்" என்று சொல்லவேண்டியிருந்தது. அதிகாரி அவனுடைய சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "இவர ஏன் கொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்ட விதம் அவருக்கே சங்கடமாகிப்போய், "ஏதாவது பிரச்சனை இருந்தா இப்பவே சொல்லுங்கம்மா. எழுதிக்கிறேன்" என்றார். குரலில் நிஜமாகவே கேட்கிற தன்மை இருந்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பிரச்சனை ஒண்ணும் இல்ல சார். பஸ்ல பொழுது போவல. அதான் கொன்னேன்."

காண்ட்ராக்ட் ஆளை அனுப்புவதற்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அன்றைய வேலையை முடித்துவிட்டு, எப்போதும்போல மதிய பஸ்ஸில் ஏறினார். விஷயம் தெரியாத கடைசி சீட்டுப் பெண்கள், "இன்னைக்கு யாருக்கா?" என்று கத்தினார்கள்.

"இன்னிக்கு லீவு. எல்லாரும் உயிரோட கீறாங்க" என்றார்.

முத்துச்செல்வி பின்னால் எங்கோ நின்றுகொண்டு வந்தாள். வாலாஜாபாத்தில் இருவரும் இறங்கினார்கள். பஸ் நகர்ந்தபோது அக்கா அவளிடம் ஏதோ கேட்பதும், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அதுதான் அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது.

அடுத்த மாதம் லைன் லீடரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே பெண்கள் வேலை செய்வதில்லை. ஒரு பஸ் முழுக்கப் பெண்கள் ஒருவனுடைய சாவுக்கு விசிலடித்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்று அந்த அதிகாரிக்குத் தோன்றியிருக்கலாம். வெறும் ஆள் மாற்றமாகவும் இருந்திருக்கலாம். முத்துச்செல்வியை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். நான் கல்யாணமாகிப் படப்பைக்கு வந்துவிட்டேன். பாப்பா பிறந்ததும் வேலையை விட்டேன்.

அக்காவைத் தேடாமல் இல்லை. அவருடைய எண் சீக்கிரமே வேறு யாருக்கோ போய்விட்டது. ஒருமுறை வாலாஜாபாத் ஸ்டாப்பில் இறங்கி டீக்கடையில் விசாரித்தேன். "எந்த அக்காம்மா? அம்பது கம்பெனி பஸ்ஸு நிக்கிற எடம் இது" என்றார் கடைக்காரர். ஆபீஸில் கேட்ட பெயரைச் சொன்னேன். அப்படி யாரையும் தெரியாது என்றார். குள்ளம், விரலில் டேப் என்றேன். இந்தப் பக்கம் பாதிப் பெண்கள் விரலில் டேப்போடுதான் இருக்கிறார்கள் என்றார். டிரைவர் அண்ணனிடம் அக்கா விட்டுப்போன கடைசி நாவல் பல நாள் பஸ்ஸின் முன்கண்ணாடி ஓரத்தில் வெயிலில் கிடந்தது. அட்டை வெளுத்துப்போய், கத்தி மஞ்சளாகிவிட்டது. "வந்து கேட்டா குடுக்கணும் இல்ல மேடம்" என்று அவர் அதை எடுக்கவே இல்லை.

அவரிடம் இந்த நாவலைக் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்று மதியம் நினைத்துக்கொண்டேன். எழுதியவருக்குத் திறமை இருக்கிறது. ஒவ்வொரு கொலைக்கும் ஒரு புது யோசனை. பூட்டுகளைத் திறக்கும் விதம், விஷத்தின் நிறம் எல்லாம் விவரமாக இருக்கிறது. ஆனால் அவள் தனியாகவே போகிறாள், தனியாகவே வருகிறாள். யாரும் அவளோடு ஒரே சீட்டில் உட்காருவதில்லை. யாரும் அவளைக் கேலி செய்வதில்லை. கடைசியில் கடற்கரையில் நின்று கத்தியைத் தண்ணீரில் எறிகிறாள். அந்த மாடியில் உட்கார்ந்திருந்தவள் சொல்ல நினைத்துச் சொல்லாததை இவள் ஒருமுறைகூட அவளிடம் போய்க் கேட்கவில்லை. நான் கடைசிப் பக்கத்துக்குப் பிறகும் இரண்டு வெற்றுத் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன்.

முடித்த கையோடு முத்துச்செல்விக்குப் போன் செய்தேன். அவளுக்கு இந்த வாரம் மதிய ஷிப்ட். ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள், லாரிகள் போகிற சத்தம் கேட்டது.

"வரலடி. அந்தப் பொண்ணு திரும்பி வரவே இல்ல."

"எனக்கும் தோணிச்சுக்கா. அதான் நிறுத்திட்டேன்."

சொல்லலாமா, கூடாதா என்று இத்தனை வருடமாக நான் வைத்திருந்ததை அப்போது எடுத்துவிட்டேன். "முத்து, அன்னைக்கு ஆபீஸ்ல அக்கா..."

"தெரியும்க்கா. என் பேரு வெளிய வந்துருந்தா எங்க அப்பா மறுநாளே வந்துருப்பாக. வரல. சீப்பையும் மாத்திட்டாக. அப்பவே தெரிஞ்சுட்டு. அதுக்குள்ள அவங்க போயிட்டாங்க."

"அன்னைக்கு இறங்கினப்ப உங்கிட்ட என்னவோ கேட்டாங்களே?"

"'ஊருக்குப் போவமாட்டியே?'ன்னு கேட்டாங்க." லாரி ஒன்று கடந்து போகும்வரை அவள் காத்திருந்தாள். "நான் கோவத்துல பதில் சொல்லலக்கா. மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டேன்."

பாப்பா புரண்டு படுத்தது. நான் தட்டிக்கொடுத்தேன்.

"ஓசூர்ல நல்ல வேலை வந்துச்சு. இங்க விட சம்பளமும் கூட. ரூம்ல எல்லாரும் 'போ போ'ன்னு சொன்னாளுக. நான் போகலக்கா. இதே ஸ்டாப்புதான், இதே பஸ்ஸுதான். வாலாஜாபாத்துல இருக்கிற மனுஷி, என்னைக்காவது இந்தப் பக்கம் வராமலா போயிருவாங்க? வந்து கேட்டா, போகலன்னு சொல்ல நான் இங்க நிக்கணும்லா?"

அந்தப் பக்கம் பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"பஸ் வந்துட்டுக்கா. வைக்கேன்" என்றாள். ஆனால் உடனே வைக்கவில்லை. படியில் கால் வைப்பதற்கு முன், அவள் எப்போதும் செய்வதுபோல, அன்று அக்காவோடு இறங்கிய எதிர்ப்பக்கத்தை ஒருமுறை பார்த்திருப்பாள். டிரைவர் அண்ணன் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.